ஞாயிற்றுக்கிழமை காலையை ஒரு தெருவுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி கேட்டிருக்கும் தம்பி கடலூர்க்காரர். வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிறார். நண்பர்கள் முப்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்ட பிள்ளைகளைத் திரும்பச் சேர்ப்பதுதான் நோக்கம். பதிவு போடுகிறார்கள், காணொளி எடுக்கிறார்கள், மாதாமாதம் கொஞ்சம் பணமும் திரட்டுகிறார்கள். இரண்டு வருடம் ஆகியும் ஒரு பிள்ளைகூடத் திரும்பியதாகத் தெரியவில்லை. "நேரில் போனால் மாற்றம் வருமா, இல்லை அது நம் மனத்திருப்திக்கு மட்டும்தானா? போகிற நேரத்தில் கூடுதலாக வேலை பார்த்து அதைப் பணமாகக் கொடுத்துவிட்டால் என்ன?" என்று கேட்கிறார். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறதென்று நினைக்கிறேன். முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில் நின்று என்னத்தைப் பேசுவது என்ற தயக்கம் அது. எனக்கும் அது இருந்தது. இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

எதை வைத்துச் சொல்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1990களின் தொடக்கத்தில் புதுச்சேரியில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுக்கும் அறிவொளி இயக்கம் நடந்தபோது கல்லூரி மாணவியாகத் தொண்டராகப் போனேன். பிறகு சமூகப் பணி படித்தேன். 2004 சுனாமிக்குப் பின் கடலூர் கரையோரக் குப்பங்களில் வேலை செய்யத் தொடங்கி, இன்று வரை அதே ஊர்களில்தான் இருக்கிறேன். ஆக, எனக்குத் தெரிந்தது தேவனாம்பட்டினத்திலிருந்து கிள்ளை வரைக்கும் உள்ள கரையும், பண்ருட்டிப் பக்கம் கொஞ்சம் முந்திரிக்காட்டு ஊர்களும்தான். பெருநகரத்து அடுக்குமாடியில் என்ன செய்யலாம் என்று கேட்டால் நான் சரியான ஆள் இல்லை.

உங்கள் வேலைக்கு நெருக்கமான ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு குப்பத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். எங்கள் குழுவிலும் அப்போது பெண் கல்வியின் அவசியம் பற்றி ஒரு துண்டறிக்கை அச்சடித்து வைத்திருந்தோம். முதல் முறை போனபோது அம்மா வாசலுக்குக்கூட வரவில்லை. உள்ளேயிருந்தே "ஆளு இல்லீங்க மேடம்" என்று குரல் மட்டும் வந்தது. அறிக்கையைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தோம். இரண்டாம் வாரம் நின்றபடியே இரண்டு நிமிடம் பேசினார், "அனுப்புறேன் மேடம், திங்கக்கெழமையில இருந்து அனுப்புறேன்" என்றார். அனுப்பவில்லை. மூன்றாம் வாரம் போனபோது சந்தில் அரிவாள்மனை போட்டு உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கையெல்லாம் செதில். நான் பள்ளிக்கூடப் பேச்சை எடுக்கவே இல்லை. எதிரே இருந்த படியில் உட்கார்ந்து, அன்றைக்கு ஏலம் எப்படிப் போனது என்று கேட்டேன். பேசிக்கொண்டே போனவர், கையைக் கழுவிவிட்டு உள்ளே போய் ஒரு வரக்காப்பி போட்டுக்கொண்டு வந்தார். நான் பாதி குடித்திருப்பேன். "யக்கா, படிக்க வேணாம்னு நானா சொன்னேன்? நான் மூணரைக்கே ஓ.டி. ஹார்பருக்குப் போயிடுறேன். இவனை யாரு பாத்துக்குவா?" என்றார். இவன் என்றது மூன்று வயதுப் பையனை.

விஷயம் இவ்வளவுதான். அம்மா, ஓ.டி. என்று சொல்லும் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, பஸ் ஏறி டவுனுக்குள் விற்று முடித்து வீடு திரும்ப மதியம் ஆகிவிடும். அப்பா கடலுக்குப் போயிருப்பார். அந்தப் பெண் தம்பியைக் கவனித்து, அங்கன்வாடி திறந்ததும் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனால் முதல் மணி அடித்து முடிந்திருக்கும். தினமும் தாமதம், தினமும் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். பதினாலு வயதுப் பெண் எத்தனை நாள் நிற்பாள்? ஒரு நாள் போகாமல் இருந்தாள், அப்புறம் போகவே இல்லை. நாங்கள் அச்சடித்த அறிக்கையில் இருந்த எல்லாமே அந்த அம்மாவுக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. அவருக்குத் தேவைப்பட்டது காலையில் ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரை பையனைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். நாலு வீடு தள்ளி இருந்த ஒரு ஆயா ஒத்துக்கொண்டார். வகுப்பாசிரியரிடம் நேரில் போய் நிலைமையைச் சொன்னோம், பத்து நிமிடம் தாமதமானாலும் உள்ளே விட அவரும் சம்மதித்தார். அந்தப் பெண் பத்தாம் வகுப்பு எழுதினாள்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. "மேடம்" என்றவர் "யக்கா" என்று சொன்ன அந்த நொடியில்தான் உண்மைக் காரணம் வெளியே வந்தது. களத்தில் இருப்பவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். முறை வைத்துக் கூப்பிட ஆரம்பிக்கும் வரை, நமக்குக் கிடைப்பதெல்லாம் நம்மை வாசலிலிருந்து அனுப்பிவைக்கிற மரியாதையான பதில்தான். நேரில் போவதன் பலன் என்று நான் நினைப்பது இதைத்தான். நம் சொல் அவர்கள் காதில் ஏறும் என்பதற்காகப் போவதைவிட, அவர்கள் வாயிலிருந்து வருவதைக் கேட்பதற்காகப் போக வேண்டும். அது முதல் தடவையில் வராது. உங்கள் குழு இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்பதற்கு அந்தக் குழுவில் வழி இல்லை, ஏனென்றால் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் யாரும் அதில் இல்லை.

சரி, இது என் அனுபவம். ஆய்வுகள் என்ன சொல்கின்றன? இதில் உறுதியாகச் சொல்லக்கூடியதும் உண்டு, ஊதிப் பெருக்கப்பட்டதும் உண்டு. மஹ்தி ரோகனிசாத், வனேசா போன்ஸ் என்ற இருவர் 2017இல் வெளியிட்ட ஒரு சோதனையை அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். 45 பேர், ஆளுக்குப் 10 அந்நியர்களிடம், ஒரே வாசகத்தைச் சொல்லி ஒரு படிவத்தை நிரப்பித் தரக் கேட்டார்கள். பாதிப் பேர் நேரில் கேட்டார்கள், பாதிப் பேர் மின்னஞ்சலில். நேரில் கேட்டது 34 மடங்கு பலன் தந்தது. கேட்கப் போகும் முன் அவர்களிடம் விசாரித்தபோது, இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் பலிக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். அந்தத் தப்புக் கணக்குதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, உங்கள் குழுவும் அதே கணக்கைத்தான் போட்டிருக்கிறது. ஆனால் 34 மடங்கு என்ற எண்ணைக் கையில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். அங்கே கேட்கப்பட்டது ஒரு சின்ன உதவி. ஒரு படிவத்தை நிரப்புவதும், ஒரு குடும்பம் தன் காலைப்பொழுதையே மாற்றிக்கொள்வதும் ஒன்றாகாது.

அதைவிடக் கனமானது, ஆலன் கெர்பரும் டொனால்ட் கிரீனும் அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரத்தில் 1998 தேர்தலின்போது சுமார் 30,000 வாக்காளர்களை வைத்துச் செய்த சோதனை. சிலர் வீட்டுக்கு ஆள் போய் வாக்களிக்கச் சொன்னார்கள், சிலருக்குக் கடிதம், சிலருக்குத் தொலைபேசி. கதவைத் தட்டி யாரிடம் பேசினார்களோ அவர்களிடையே வாக்குப்பதிவு கிட்டத்தட்ட 9 சதவீதப் புள்ளி கூடியது. கடிதத்தால் கொஞ்சூண்டுதான் ஏறியது. தொலைபேசியால் பலனே தெரியவில்லை. ஒரு செயலைச் செய்ய வைப்பதற்கு நேரில் போவது வலுவானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஒரு செயலைச் செய்ய வைப்பது வேறு, மனதில் ஊறிய எண்ணத்தை மாற்றுவது வேறு. இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். 2014 டிசம்பரில், இருபது நிமிட வாசல் பேச்சு மக்களின் பாகுபாட்டு எண்ணத்தை மாற்றி, அது மாதக்கணக்கில் நிலைத்தது என்று ஒரு கட்டுரை புகழ்பெற்ற அறிவியல் இதழ் ஒன்றில் வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய சந்தோஷம். பயிற்சி வகுப்புகளில் நானே எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அடுத்த மே மாதமே அது திரும்பப் பெறப்பட்டது, தரவுகள் நம்பத்தகாதவை என்று தெரியவந்ததால். அதன் இணை ஆசிரியர் மேலே சொன்ன அதே டொனால்ட் கிரீன். திரும்பப் பெறச் சொல்லிக் கேட்டவரும் அவரே. அந்தக் குளறுபடியைக் கண்டுபிடித்தவர்களில் டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இரு இளம் ஆய்வாளர்கள் இருந்தார்கள். அவர்கள் அதோடு விடவில்லை. மயாமியில் ஒழுங்காக ஒரு சோதனையை நடத்தி 2016இல் வெளியிட்டார்கள். திருநர் மீதான வெறுப்பு, சுமார் பத்து நிமிட உரையாடலுக்குப் பின் குறைந்தது, குறைந்தபட்சம் மூன்று மாதம் நிலைத்தது. அங்கே போன தொண்டர்கள் வாதம் செய்யவில்லை, புள்ளிவிவரம் அடுக்கவில்லை. "நீங்கள் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டவர் என்பதற்காக யாராவது உங்களை மட்டமாக நடத்தியிருக்கிறார்களா?" என்ற வகையில் கேட்டு, அவர்களைப் பேசவிட்டார்கள். எனவே பத்து நிமிடம் எதையாவது மாற்றும் என்பது பொய்யில்லை. மூன்று மாதத்துக்குப் பின்னும் நிற்குமா, எல்லா விஷயத்துக்கும் பொருந்துமா என்பதற்கு அதில் விடை கிடையாது. அமெரிக்க வாக்காளர் கணக்கை நம் குப்பத்துக்கும் காலனிக்கும் அப்படியே கொண்டுவந்து வைக்கவும் முடியாது.

நம் நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மாட் லோ என்ற பொருளாதார ஆய்வாளர் உத்தரப் பிரதேசத்தில் இளைஞர்களை வைத்துக் கிரிக்கெட் போட்டிகள் நடத்தினார், 2021இல் வெளியானது. வெவ்வேறு சாதிக்காரர்கள் ஒரே அணியில் ஆடிய இடத்தில் சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரெதிர் அணியில் நின்று ஆடிய இடத்தில் அந்த நெருக்கம் குறைந்தது. ஆகவே முகம் பார்த்துவிட்டால் போதும் என்று இல்லை, எந்த நிலையில் நின்று பார்க்கிறோம் என்பதும் சேர்ந்தே வருகிறது. கொடுக்கிறவர் நின்றுகொண்டும் வாங்குகிறவர் வரிசையிலும் இருக்கிற நிவாரண நிகழ்ச்சியும் நேரடிச் சந்திப்புதானே? அதில் உறவு வளர்ந்து நான் பார்த்ததில்லை. 2015 வெள்ளத்தின்போது வெளியூர் லாரிகள் மெயின் ரோட்டிலேயே நின்றன. ரோட்டோரம் இருந்த வீடுகளுக்கு மூன்று முறை கிடைத்தது, உள்ளே அரை கிலோமீட்டர் தள்ளி இருந்த காலனிக்கு ஒன்றும் போகவில்லை. வந்தவர்கள் நல்ல மனதோடுதான் வந்தார்கள், ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வந்தவர்கள். யாரிடமும் உட்கார்ந்து கேட்கவில்லை, அதுதான் குறை. சுனாமிக்குப் பின்னும் இதே கதைதான். உடுத்த முடியாத பழந்துணி மூட்டை மூட்டையாக ரோட்டில் கிடந்து நனைந்தது. அறுநூறுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த மாவட்டம் இது. சொந்தக்காரரைப் புதைத்துவிட்டு வந்த பெண்கள் அந்தக் குவியலைத் தாண்டித்தான் நடந்தார்கள்.

இதே காரணத்தால்தான் தண்ணீர் விஷயத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். தாகமில்லை என்று மறுத்தால், நீங்கள் என்ன காரணத்துக்காக மறுத்தாலும், நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான் எடுத்துக்கொள்ளப்படும். நல்ல எண்ணத்தோடு வந்த எத்தனையோ பிள்ளைகள் பாட்டில் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே அந்த உறவை இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் போனும் வாட்ஸ்அப்பும் வீணா என்றால், இல்லை. சுனாமி அன்று புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்தில் நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் போனில் எச்சரித்தார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து, ஊரே வெளியேறியது, ஆயிரக்கணக்கானோர் தப்பினார்கள். ஒரு போனும் ஒரு ஒலிபெருக்கியும் செய்த வேலை அது. அந்த நேரத்தில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆனால் பேசியது அந்த ஊர்ப் பிள்ளை, ஒலித்தது தினமும் கடல் நிலவரம் சொல்லிக்கொண்டிருந்த ஒலிபெருக்கி. முன்பே நம்பிக்கை இருந்த இடத்தில் செய்தி நொடியில் ஓடியது என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். நேரில் போய் ஓர் உறவை உண்டாக்கிய பிறகு, அதைக் காப்பாற்றிக்கொள்ள வாட்ஸ்அப் ரொம்ப நல்ல கருவி. நான் அந்த மீன்காரம்மாவுக்கு இப்போதும் குரல்பதிவு அனுப்புகிறேன்.

நேரில் போவதால் ஆகாத காரியமும் உண்டு. மாவட்டத்தின் ஓர் ஓரத்தில் சில இருளர் குடும்பங்களோடு வேலை செய்தோம். பிள்ளைகள் மேலே படிக்கச் சாதிச்சான்றிதழ் வேண்டும். பழங்குடியினருக்கு அதைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். ஒவ்வொரு குடும்பத்தோடும் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசினோம், எங்களைச் சொந்தமாகவே நினைத்தார்கள். அந்த அன்பால் ஒரு சான்றிதழும் வரவில்லை. விண்ணப்பம், பழைய ஆவணம், விசாரணை, மறுபடி விண்ணப்பம், கூட்டமாகப் போய் மனு என்று இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிய பிறகுதான் வந்தது. வழி அடைபட்டிருப்பது அலுவலகத்தில் என்றால், குடும்பத்தோடு எவ்வளவு பேசினாலும் அது திறக்காது. அதேபோல, பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? தோட்டு எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கருத்து உரிந்திருக்கும். அவர்களுக்குத் தோல் பாதுகாப்பு பற்றி எடுத்துச் சொல்ல நாம் போக வேண்டியதில்லை. கையுறையும், அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்தால் குறைகிற கூலிக்கு ஒரு வழியும்தான் வேண்டும். இந்த இடங்களில் உங்கள் பணம், உங்கள் கணினி அறிவு, மனு எழுதத் தெரிந்த கை எல்லாம் வாசல் பேச்சைவிடப் பெரிய உதவி. ஆனால் எந்தப் பிரச்சினை எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு தடவையாவது போய்த்தான் ஆக வேண்டும்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தெருவில் ஏழெட்டுப் பெண்கள் தையல் மெஷின் கேட்டார்கள். ஒரு நன்கொடையாளர் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த உற்சாகத்தில் "பொங்கலுக்குள் வந்துவிடும்" என்று வாய்விட்டேன். வரவில்லை. அந்தத் தெருவில் மறுபடி ஒருவர் என்னை உட்காரச் சொல்ல இரண்டு வருடம் ஆனது. நேரில் கொடுத்த வாக்கு நேரில்தான் உடையும், அந்த முகங்களை நான் இன்னும் மறக்கவில்லை. கையில் இல்லாத பொருளைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள்.

இப்போது நடைமுறைக்கு வருவோம். முப்பது பேரும் கிளம்ப வேண்டாம். மூன்று பேர் போதும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஒரே ஒரு தெரு. ஆறு மாதத்துக்கு அதே கிழமை, அதே நேரம். 2021இல் மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம், அந்தந்தத் தெருவிலேயே இருக்கிற தன்னார்வலர்களை வைத்துத்தான் நடந்தது. அப்படிப் பாடம் எடுத்த அக்கா யாராவது நீங்கள் போகும் தெருவில் இருப்பார், முதலில் அவரைத் தேடிப் பிடியுங்கள். அவர் கூட வந்தால் உங்கள் மூன்று மாத வேலை மூன்று வாரத்தில் முடியும். குப்பமென்றால் ஊர்ப் பஞ்சாயத்தாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

நேரம் பார்த்துப் போங்கள். குப்பத்தில் ஞாயிறு காலை எட்டு மணி நமக்குத்தான் ஓய்வு, அவர்களுக்கு மீன் விற்கும் நேரம். சாயங்காலம் நாலரை, ஐந்து மணி சரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், அப்பாக்களோடு பேச நல்ல சமயம். கையில் காசு இல்லாத சமயமும் அதுதான், அதனால் செலவு வைக்கும் எந்த யோசனையையும் அப்போது சொல்லாதீர்கள். முந்திரி ஊர்களில் கோடையில் வீடே பூட்டியிருக்கும், எல்லாரும் தோப்பில் இருப்பார்கள்.

பேனர், ஒரே மாதிரிச் சட்டை, போட்டோ மூன்றும் வேண்டாம். நோட்டை அவர்கள் எதிரே திறக்காதீர்கள், கணக்கெடுக்க வந்தவர் என்று நினைத்துவிட்டால் பேச்சு நின்றுவிடும். தெருமுனைக்கு வந்த பிறகு எழுதிக்கொள்ளுங்கள். குழந்தைகள் இல்லத்துக்கு ஞாயிறுதோறும் போகலாமா என்று உங்கள் நண்பர் ஒருவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தொடர்ந்து வர முடியாதவர்கள் அங்கே போகவே வேண்டாம். ஏற்கெனவே பிரிவைப் பார்த்த பிள்ளைகள், பாசம் காட்டிவிட்டுக் காணாமல் போகிறவர்களால் மறுபடி அடிபடுகிறார்கள்.

வாசலில் என்ன சொல்வது? உங்கள் பெயர், நீங்கள் கடலூரில் எந்தத் தெரு, யார் சொல்லி வந்தீர்கள், இந்த மூன்றைச் சொல்லுங்கள். "தெருவில் பிள்ளைங்க படிப்பு எப்படிப் போகுதுன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்" என்றால் போதும். ஏன் அனுப்பவில்லை என்று ஆரம்பிக்காதீர்கள், அது விசாரணை. பதில் வராவிட்டால் "அடுத்த வாரம் வர்றோம்மா" என்று கிளம்புங்கள், சொன்னபடி அடுத்த வாரம் போய் நில்லுங்கள்.

மனத்திருப்திதானா என்று கேட்டீர்கள். திருப்தி இருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அறிவொளியில் நான் போன தெருவில் எழுத்துக் கற்க முதல் வாரம் வந்தவர்கள் இரண்டே பேர். சுவரொட்டியைப் பார்த்து ஒருவரும் வரவில்லை. ஒவ்வொரு ராத்திரியும் சோறாக்கி முடிகிற நேரம் பார்த்து, வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். இரண்டு மாதத்தில் பதினோரு பேர் வந்தார்கள். கடைசியாக வந்த ஒரு பாட்டி, தன் பெயரை எழுதிய சிலேட்டை அழிக்க மனம் வராமல், அப்படியே மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப் போனார். மறுநாள் வகுப்புக்கு எனக்கு ஒரு சிலேட்டு குறைந்தது. அந்த ஞாபகத்தில்தான் முப்பது வருடமாக நடந்துகொண்டிருக்கிறேன். தடைக்காலம் முடிவதற்குள் ஒரு தெருவைத் தேர்ந்துகொண்டு இங்கேயே எழுதுங்கள். நான் வேலை செய்கிற பக்கமாக இருந்தால் முதல் நாள் கூட வருகிறேன்.